நெஞ்சுக்கு ஒரு கேட், மூச்சுக்கு ஒரு கேட்

மனிதனைப் படைத்தவன் யாராக இருந்தாலும் சரி, நிர்வாகம் தெரியாத ஆள். இருதயத்தையும் நுரையீரலையும் ஒரே கூட்டுக்குள் தள்ளிப் பூட்டிவிட்டுப் போய்விட்டான். நடுவில் ஒரு சுவர் இல்லை, தனித்தனி வாசல் இல்லை, இதற்கு இன்னார் பொறுப்பு என்று ஒரு சுற்றறிக்கைகூட இல்லை. இந்தக் கோளாறைச் சரிசெய்ய, கொரோனா இரண்டாவது அலை அடித்த சமயத்தில், பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி முன்வந்தது. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அதை விசாரிக்க ஒரு கமிட்டி போடுவார்கள், அது முடிவதற்குள் நமக்கு ஆயுசு போதாது.

அந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு கேட். கிழக்கே ஹார்ட் பிளாக். அங்கே நெஞ்சு வலிக்கிறவர் போகலாம், ஆனால் கொரோனா இருக்கக் கூடாது. மேற்கே கொரோனா பிளாக். அங்கே மூச்சு வாங்குகிறவர் போகலாம், ஆனால் நெஞ்சு வலிக்கக் கூடாது. உள்ளே இரண்டுக்கும் நடுவே நாற்பதடி நடைவழி, அதன் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு. அந்தக் கோட்டை டாக்டர் தாண்டக் கூடாது, நோயாளி தாண்டக் கூடாது, ஸ்டெதாஸ்கோப்பும் தாண்டக் கூடாது. இரண்டு வியாதியும் ஒரே ஆளுக்கு வந்து தொலைத்தால் என்ன செய்வது? அதற்கும் ஏற்பாடு இருந்தது. 'இரட்டை நோய் ஒருங்கிணைப்புக் குழு' என்று ஒன்று அமைத்திருந்தார்கள். மாதக் கடைசியில் கூடும்.

நாகேஷுக்கு இரண்டும் வந்தது, மாதக் கடைசிக்கு எட்டு நாள் முன்னால்.

நாகேஷ் அடுகோடியில் ஒரு பட்டறையில் இருபத்தாறு வருஷமாக லேத் ஓட்டுகிறவன். டிராயிங்கில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் அவன் கையில் வரும், நூல் பிசகாது. அவன் மனைவி சரளா தொம்மலூரில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். கம்பெனிக்காரர்கள் எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை செய்ய, அவள் மட்டும் வாரத்தில் மூன்று நாள் போய், யாரும் உட்காராத முந்நூறு நாற்காலிகளைத் துடைத்துவிட்டு வருவாள். ஆகவே அர்த்தமில்லாத வேலையைக் கண்டு ஆச்சரியப்படுகிற ஜாதி இல்லை அவள். அவளையே வாயடைத்து நிற்க வைத்துவிட்டது அந்த ஆஸ்பத்திரி.

இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாகேஷ் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டான். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. மகள் சங்கமித்ரா தெருமுனைக்கு ஓடி ஆட்டோ பிடித்து வந்தாள். அப்பனுக்கு நெஞ்சு வலி என்பதால் நேராக ஹார்ட் பிளாக் கேட்டுக்குத்தான் போனார்கள். படித்த பெண், சரியாகத்தான் யோசித்தாள்.

"ஏனம்மா, நெஞ்சா, மூச்சா?" என்றான் கேட்டில் இருந்த கன்னடக்கார செக்யூரிட்டி.

"நெஞ்சுங்க. இங்க புடிச்சுகினு கையி வரைக்கும் இழுக்குதுன்றாரு," என்றாள் சரளா.

"ஒள்ளேது, நல்லது. முதல்ல மூக்குல குச்சி."

மூக்கில் குச்சி விட்டார்கள். இருபது நிமிஷத்தில் பாசிட்டிவ் என்று வந்தது. செக்யூரிட்டி இரண்டடி பின்னால் போய், மேற்குத் திசையைக் காட்டினான். உள்ளே போனால் நாற்பதடி. ஆனால் மஞ்சள் கோடு இருக்கிறதே. வெளியே சுற்றிக்கொண்டு போனால் முக்கால் கிலோமீட்டர். ஆட்டோக்காரன் பாசிட்டிவ் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே காற்றாய்ப் பறந்துவிட்டான். நாகேஷ் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒரு கையைச் சரளாவின் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். நடுவில் இரண்டு இடத்தில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தான்.

கொரோனா கேட்டில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு டாக்டர், உச்சி முதல் உள்ளங்கால் வரை பிளாஸ்டிக். ஆக்சிஜன் அளக்கிற கிளிப்பை விரலில் மாட்டிப் பார்த்தார்.

"தொண்ணூத்தேழு. மைல்டு. வீட்டுக்குப் போய் வெந்நீர் குடிக்கட்டும்."

"நெஞ்சு வலிக்குதுன்றாரு சார்."

"நெஞ்சா? அது இங்கே இல்லைம்மா. அந்தக் கேட்."

அந்தக் கேட்டுக்குப் போனார்கள். பாசிட்டிவை இங்கே ஏன் கொண்டு வந்தாய் என்று கத்தினார்கள். இந்தக் கேட்டுக்கு வந்தார்கள். தொண்ணூற்றாறு, மைல்டுதான், சொன்னால் புரியாதா என்று அதட்டினார்கள். நாகேஷின் உதடு வெளுத்துப்போயிருந்தது. சரளா ரோட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். கொரோனா கேட் செக்யூரிட்டி நம்ம ஊர்ப் பக்கத்து ஆள், கொஞ்சம் ஈரமுள்ளவன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தான்.

"இன்னாக்கா, சும்மா நெஞ்சு நெஞ்சுன்னுகினு? நெஞ்சுன்னா இவங்களுக்குக் காது கேக்காது. மூச்சுன்னு சொல்லு. மூச்சு வாங்குதுன்னா நடக்க வெச்சுப் பாப்பாங்க. நடந்தா நம்பர் எறங்கும். எறங்குனா பெட்டு."

"உள்ள போன பெறகு நெஞ்சுன்னு சொல்லலாமா?"

"ஐயையோ! மாத்திச் சொன்னா பொய்த் தகவல்னு கேஸு. பெட்டையும் புடுங்கிட்டு வெளிய தள்ளிருவாங்க. கடைசி வரைக்கும் மூச்சுதான்."

சரளா புருஷனின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"யோவ், நல்லா கேட்டுக்கோ. யாரு கேட்டாலும் மூச்சு. டாக்டர் கேட்டாலும் மூச்சு, நர்ஸு கேட்டாலும் மூச்சு. நெஞ்சுன்னு வாயத் தொறக்காதே. உம் பொண்டாட்டியே சொன்னான்னு வந்து சொன்னாலும் நம்பாதே, போட்டு வாங்குவானுங்க. புரிஞ்சுதா?"

"மூச்சு," என்றான் நாகேஷ். "வுடு, டிராயிங் மாறாது."

மாரடைப்பு வந்துகொண்டிருந்த மனுஷனை இரண்டு ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவே ஆறு நிமிஷம் நடக்க வைத்தார்கள். அதற்குப் பெயர் பரிசோதனை. சரளா கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, நம்பர் இறங்கவேண்டும், இறங்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். கட்டினவனுக்கு மூச்சு குறையவேண்டும் என்று வேண்டுகிற நிலைமைக்கு ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கு எவ்வளவு நிர்வாகத் திறமை வேண்டும்! அவள் முகத்தைப் பார்த்த நாகேஷ், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று வேகமாகவே நடந்தான். ஐந்தாவது நிமிஷம் கிளிப் தொண்ணூற்றிரண்டு காட்டியது.

"கங்கிராஜுலேஷன்ஸ்," என்றார் பிளாஸ்டிக் டாக்டர். "பெட் உண்டு."

சரளாவுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. சக்கர நாற்காலியில் உள்ளே போகும்போது நாகேஷ் திரும்பிப் பார்த்து, உதட்டை மட்டும் அசைத்து, 'மூச்சு' என்றான்.

அதன் பிறகு உள்ளே நடந்ததெல்லாம் அவளுக்கு லீனா சொல்லித்தான் தெரியும். லீனா அந்த வார்டு நர்ஸ், காக்ஸ் டவுன்காரி. டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், அட்மிஷன் தாளிலிருந்து நம்பரைப் பார்த்து, சொந்த போனில் கூப்பிடுவாள். அப்படிக் கூப்பிடுவது விதிப்படி குற்றம். விதிப்படி கிடைத்ததெல்லாம் தினமும் காலை பதினோரு மணிக்கு வருகிற ஒரு மெசேஜ்தான்: 'உங்கள் நோயாளி ஸ்டேபிள்.' நோயாளிகளின் போனையெல்லாம் வாசலிலேயே வாங்கிப் பாலிதீன் பையில் போட்டுக் கட்டிவிட்டார்கள். வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, வீட்டாரோடு வீடியோவில் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிஷம்.

திங்கட்கிழமை சாயங்காலம் லீனா கூப்பிட்டாள்.

"அக்கா, அண்ணனுக்கு வேர்த்து வேர்த்து பெட்ஷீட்டே நனைஞ்சிடுது. இடது கையைத் தேச்சுக்கிட்டே இருக்காரு. நெஞ்சு வலிக்குதாண்ணான்னு கேட்டேன். இல்ல சிஸ்டர், மூச்சுதான்னு சிரிக்கிறாரு. எனக்கு மனசு கேக்கல. யாரும் எழுதாமலே காலையில ஒரு ஈசிஜி எடுத்துட்டேன்."

"அதுல இன்னா இருக்குது?"

"நல்லா இல்லக்கா. ஹார்ட் டாக்டர் பாக்கணும்."

இங்கேதான் அந்தச் சீட்டு ஊர்வலம் ஆரம்பித்தது. கொரோனா வார்டில் எடுத்த காகிதம் கொரோனா தொட்ட காகிதம். அது வெளியே போகவேண்டுமானால் நீலப் பெட்டி ஒன்றில் எழுபத்திரண்டு மணி நேரம் தனிமையில் இருக்கவேண்டும், போகும்போது ஒரு தடவையும் வரும்போது ஒரு தடவையும் சானிடைசர் குளியல். போட்டோ எடுத்து அனுப்பலாமே என்றால், நோயாளியின் ரகசியம் கெட்டுவிடும். லீனா விடவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு ஓடி, நடைவழிக் கண்ணாடிக் கதவில் அழுத்திப் பிடித்தாள். அந்தப் பக்கம் ஹார்ட் பிளாக் டியூட்டி டாக்டர் வந்தார், பாவம், நல்ல பிள்ளை. ஆனால் மஞ்சள் கோடு கதவிலிருந்து பன்னிரண்டடியில் இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. ஒரு பைனாகுலர் வேண்டும் என்று ஸ்டோருக்கு எழுதிப் போட்டார். இருதய சிகிச்சைக் கருவிகளின் பட்டியலில் பைனாகுலர் இல்லை என்று பதில் வந்தது. அன்றைக்குக் காலை பதினோரு மணிக்கே சீட்டு நீலப் பெட்டிக்குள் போய்விட்டது. டாக்டர் எழுதாமல் ஈசிஜி எடுத்ததற்காக லீனாவுக்கு ஒரு மெமோவும் வந்தது.

செவ்வாய்க்கிழமை சரளா மகளையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி சூப்பரின்டென்டென்டைப் பார்க்கப் போனாள். நாலு மணி நேரம் நின்ற பிறகு உள்ளே விட்டார்கள். டாக்டர் கஸ்தூரிரங்கன் நல்ல மனிதர், தமிழ்க்காரர் வேறு. அவருடைய தாத்தா மைசூர் திவான் ஆபீஸில் இருந்தவர் என்பதை முதல் இரண்டு நிமிஷத்திலேயே தெரிவித்துவிட்டார்.

"சார், எங்க வூட்டுக்காரரு நெஞ்ச ஒரு தடவ பாத்துடுங்க சார். அதுபோதும்."

"பாரும்மா, நம்ம ஆஸ்பத்திரி ஒரு சிஸ்டம்ல ஓடறது. சொல்றேன், கேட்டுக்கோ. எங்க ஹார்ட் பிளாக்ல இதுவரைக்கும் ஒரு கொரோனா சாவு கிடையாது. ஏன்? கொரோனா இருக்கறவாளை நாங்க உள்ளயே விடறதில்லை. கொரோனா பிளாக்ல ஒரு ஹார்ட் அட்டாக் சாவு கிடையாது. ஏன்? அங்க ஹார்ட்டை யாரும் பாக்கறதே இல்லை. ரெண்டு பக்கமும் ஸீரோ! எப்படி ஸார் இப்படிப் பண்றேள்னு வெளியூர்லேர்ந்தெல்லாம் போன் பண்ணிக் கேக்கறா. இதைப் போய்க் கெடுத்துக்கலாமா, நீயே சொல்லு."

"கெடுக்க வேணாம் சார். பாத்தா போதும்."

அவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "நாகேஷ், நாற்பத்தெட்டு. நெஞ்சு வலி உண்டான்னு ஆறு தடவை கேட்டிருக்கா. ஆறு தடவையும் இல்லைன்னிருக்கார். வலி அவருக்கா, உனக்கா?"

உண்மை சரளாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பொய்த் தகவல், கேஸ், பெட்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற வார்த்தைகள் குறுக்கே வந்து நின்றன. பெட் போய்விட்டால் இருக்கிற மூச்சும் போய்விடுமே என்று பயந்தாள். வாயை மூடிக்கொண்டாள். பிறகு எத்தனையோ நாள் அந்த ஒரு நிமிஷத்துக்காகத் தன்னைத்தானே அறைந்துகொண்டிருக்கிறாள்.

கஸ்தூரிரங்கனுக்கு மனசு இளகியது. பின்னால் அலமாரியிலிருந்து ஒரு வழவழப்பான புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அட்டையில் ஒரு சிவப்பு இருதயம், அதைச் சுற்றி முள்முள்ளாய்ப் பச்சைக் கிருமிகள். "எங்க ஹார்ட் ஹெட்டும் கொரோனா ஹெட்டும் சேர்ந்து எழுதினது. கொரோனா வந்தவாளுக்கு ஹார்ட் எப்படியெல்லாம் கெடறது, எல்லாம் இருக்கு. ரொம்ப நல்ல பேர் வாங்கித்து."

"அப்ப எங்க ஆளுக்கும் அதே மாதிரி சேர்ந்து பாப்பாங்களா சார்?"

"இது ரிசர்ச்மா. வார்டு வேற," என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல.

வீட்டுக்குப் போகிற வழியில் சங்கமித்ரா அந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்து அம்மாவுக்குச் சொன்னாள். கொரோனாக் கிருமி ரத்தத்தைக் கட்டியாக்குமாம், இருதயத் தசையை வீங்க வைக்குமாம். நுரையீரல் நன்றாக இருக்கிறவருக்கும் மாரடைப்பு வரலாமாம். நெஞ்சு வலி, வேர்வை, கையிழுப்பு இருந்தால் உடனே ஈசிஜி எடுக்கவேண்டும், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

"யாருடி எழுதுனது இத?"

"அவங்களேதாம்மா."

சரளா அன்றைக்கு ராத்திரி சோறு தொடவில்லை. லீனா கூப்பிட்டதும் எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டாள்.

"சிஸ்டர், நெஞ்சுதான். மூச்சு இல்ல. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். கேஸு போட்டா போடட்டும், என்னைப் புடிச்சு உள்ள வெக்கட்டும். அவர் நெஞ்சப் பாக்கச் சொல்லுங்க."

லீனா, "அய்யோ அக்கா," என்றாள்.

புதன்கிழமை காலையில் கொரோனா பிளாக் தலைமை டாக்டர் சாய்கிருஷ்ணா ரவுண்ட்ஸ் வந்தபோது லீனா எல்லாவற்றையும் சொன்னாள். நியாயமான மனிதர், காதுகொடுத்துக் கேட்டார். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது. நோயாளி நினைவோடு இருக்கும்போது நோயாளியின் வாயிலிருந்துதான் வியாதி வரவேண்டும். கட்டிலருகே போனார்.

"நாகேஷ், நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல சார். மூச்சுதான்."

"உங்க மிஸஸே சொன்னாங்களாம், நெஞ்சு வலிதான்னு."

நாகேஷ் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தானாம். "அது சொல்லாது சார். எனக்குத் தெரியும்."

இதைப் போனில் சொல்லும்போது லீனா அழுதாள். சரளா அழவில்லை, போனைக் கீழே போட்டுவிட்டு அப்படியே கிளம்பிவிட்டாள். கொரோனா கேட்டில் போய், ஒரு நிமிஷம் போனில் பேசவிடுங்கள், ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். வெள்ளிக்கிழமை வாம்மா என்றார்கள். சுவரைச் சுற்றிப் பின்பக்கத் தெருவுக்குப் போனாள். மூன்றாவது மாடியில் வரிசையாக ஜன்னல்கள். வாயைக் கைகளால் குவித்துக்கொண்டு கத்தினாள்.

"யோவ் நாகேஷு! நான் சரளா! நெஞ்சுன்னு சொல்லுயா! நெஞ்சுன்னு சொல்லு!"

நாகேஷின் கட்டில் மறுபக்கம். அவன் காதில் விழவில்லை. ஆனால் தெருவில் காத்துக்கிடந்த மற்ற நோயாளிகளின் வீட்டார் காதில் விழுந்தது. ஆகா, நெஞ்சு என்று சொன்னால் ஏதோ நடக்கிறது போலிருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று அவர்களும் எழுந்து கத்த ஆரம்பித்தார்கள். தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் நெஞ்சு, எதெ, சீனா என்று தெருவே அலறியது. மாடியில் ஜன்னலோரம் படுத்திருந்த பதினோரு பேர் உடனே தங்களுக்கு நெஞ்சு வலி என்று சொல்லிவிட்டார்கள். அதில் ஒருவருக்குக் கால் முறிவு.

ஒரு மணி நேரத்தில் சுற்றறிக்கை வந்தது. 'விஷமிகள் சிலர் வதந்தி பரப்புகின்றனர். இந்தப் பிளாக்கில் யாருக்கும் நெஞ்சு வலி கிடையாது. மறு உத்தரவு வரும் வரை நோயாளிகள் நெஞ்சு வலி என்று சொன்னால் அதைக் குறிப்பில் ஏற்றக் கூடாது.' சரளாவைச் செக்யூரிட்டிகள் இருவர் கையைப் பிடித்து மெயின் ரோடு வரை கொண்டுவந்து விட்டார்கள்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு மெசேஜ் வந்தது. 'உங்கள் நோயாளி ஸ்டேபிள்.' பதினொன்று இருபதுக்குப் போன் வந்தது. நாகேஷ் காலை ஏழு மணிக்கே இறந்துவிட்டானாம். ஏழு மணியிலிருந்து அவன் நிலைமையில் எந்த மாற்றமும் இல்லாததால் அந்த மெசேஜில் பொய் ஒன்றும் இல்லை. அதே பதினோரு மணிக்கு, தன் எழுபத்திரண்டு மணி நேரத்தை ஒழுங்காக முடித்துக்கொண்டு, ஈசிஜி சீட்டு நீலப் பெட்டியிலிருந்து பூரண குணத்தோடு வெளியே வந்தது.

உடலைக் கேட்டுப் போனார்கள். மரணக் காரணம் என்ற இடம் காலியாக இருந்தது. அதை நிரப்பாமல் உடலைத் தர முடியாது. ஹார்ட் என்று எழுதினால் ஹார்ட் பிளாக்கின் ஸீரோ போய்விடும், கொரோனா என்று எழுதினால் கொரோனா பிளாக்கின் இந்த மாதச் சாவுக் கணக்கு ஏறும். நல்லவேளை, திங்கட்கிழமை மாதக் கடைசி. நாலு நாள் நாகேஷ் ஐஸ் பெட்டியில் இருந்தான். சரளாவும் சங்கமித்ராவும் பிணவறை வாசல் மரத்தடியில் இருந்தார்கள்.

இரட்டை நோய் ஒருங்கிணைப்புக் குழு திங்கட்கிழமை பத்தரைக்குக் கூடியது. சாட்சி என்ற முறையில் சரளாவையும் உள்ளே கூப்பிட்டுக் கடைசி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மேஜையில் முந்திரி பிஸ்கட் இருந்தது. ஹார்ட் பிளாக் தலைவர் டாக்டர் தேசிகன் முதலில் பேசினார்.

"இந்த நோயாளி என் பிளாக்ல காலடி வெச்சதில்லை. நெஞ்சு வலின்னு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. என் பிளாக்குக்கு வராத இருதயம் எப்படி நிக்கும்? நின்னாலும் அது எப்படி என் கணக்குல வரும்?"

சாய்கிருஷ்ணா எழுந்தார். "பெட்ல படுத்ததுக்கு அப்புறம் அவர் மைல்டு கேட்டகிரிதான். கடைசி நாள் காலையிலகூட ஆக்சிஜன் தொண்ணூத்தாறு. எங்க வழிகாட்டு நெறிப்படி மைல்டு நோயாளி சாகமாட்டார். அவர் செத்திருந்தா அது அவரோட சொந்த விஷயம்."

"ஈசிஜி?" என்றார் கஸ்தூரிரங்கன்.

தேசிகன் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "அடடா, என்ன கிளாரிட்டி! பெரிய அட்டாக். இந்த நேரத்துல பாத்திருந்தா கம்பி விட்டு அடைப்பை எடுத்திருக்கலாம், அரை மணி வேலை. ஸ்டூடண்ட்ஸுக்குக் காட்டவேண்டிய சீட்டு சார் இது."

"யாருடையது?"

தேசிகன் மூலையைத் திருப்பிப் பார்த்தார். பேனாவால் எழுதிய பெயர் இரண்டு சானிடைசர் குளியலில் கரைந்து ஒரு நீலக் கறையாக இருந்தது. "தெரியலை. பேர் இல்லாத சீட்டை யார் மேலயும் சுமத்த முடியாது."

பதினொன்றரை ஆகியது. இருதயமும் இல்லை, கொரோனாவும் இல்லை. அப்படியானால் இந்த மனிதன் எதனால் செத்தான் என்று குழு உண்மையிலேயே கவலைப்பட்டது. காரணமில்லாமல் ஒருவர் சாவது சிஸ்டத்துக்கே இழுக்கு. கஸ்தூரிரங்கன் சரளா பக்கம் திரும்பினார்.

"நீயாவது சொல்லும்மா. உங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி இருந்துதா?"

சரளா எழுந்து நின்றாள். இனிமேல் பயப்படுவதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"இருந்துது சார். மொதல் நாள்லேர்ந்தே இருந்துது. நெஞ்சுன்னா ரெண்டு கேட்டுலயும் சேக்கல. அதனால நான்தான் மூச்சுன்னு சொல்லச் சொன்னேன். நானே சொன்னேன்னு யாரு வந்து சொன்னாலும் நம்பாதேன்னும் நான்தான் சொன்னேன். அந்த மனுஷன் சாகுற வரைக்கும் என் பேச்ச மீறல."

கஸ்தூரிரங்கன் கை தட்டினார். தேசிகனும் தட்டினார், சாய்கிருஷ்ணாவும் தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். இவ்வளவு உண்மையாகப் பேசுகிற ஒரு பெண்மணியை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்று கஸ்தூரிரங்கன் தழுதழுத்தார். இரண்டு தலைவர்களும் மஞ்சள் கோடு பிறந்த நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். முழங்கையோடு முழங்கை இடித்துக்கொண்டார்கள். யாரோ சரளாவிடம் பிஸ்கட் தட்டை நீட்டினார்கள்.

தீர்மானம் அங்கேயே டைப் ஆயிற்று. மரணக் காரணம்: மனைவி. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், தவறான தகவல் அளித்து சிகிச்சையைத் தடுத்தது. அவளுடைய நேர்மையை மதித்துக் கேஸ் போடுவதில்லை என்றும் பெரிய மனதோடு ஒரு வரி சேர்த்தார்கள். படித்துக் காட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டால் உடலை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். சரளா, "அவர் நெஞ்ச கடைசி வரைக்கும் ஒருத்தரும் தொட்டுப் பாக்கலையே சார்," என்றாள். அது இன்றைய அஜெண்டாவில் இல்லை என்றார்கள். நாலு நாளாயிற்று. ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறான். கையெழுத்துப் போட்டாள்.

தாளைக் கையில் பிடித்துக்கொண்டு சரளா பிணவறைக்கு வந்தாள். சங்கமித்ரா அதைப் பிடுங்கிப் படித்தாள். படித்துவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள், இடுப்போடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கிளார்க் தாளை வாங்கி, லெட்ஜரைத் திறந்து, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தார். பெயர், வயது, வார்டு. பேனா நின்றது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு கட்டங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன்மா, சாவுக்குக் காரணம்னு போட்ட இடத்துல 'மனைவி'ன்னு இருக்கு. பாடியை வாங்கிக்கறவங்க இடத்துலயும் 'மனைவி'ன்னு இருக்கு. ரெண்டும் ஒரே ஆளா?"

"ஆமா சார்," என்றாள் சரளா. "ரெண்டும் நான்தான்."